மெய்னிர் அழுத்தாத பொத்தான்

ரித்வென் என்ற பள்ளத்தாக்கு ஊரில் மெய்னிரோடு ஒருமுறையாவது சண்டை போடாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீவனக் கடையில் அவளுக்கு வேலை. ஆட்டுத் தீவனம் வாங்க வருகிற பண்ணைக்காரர்கள் வாசலிலேயே நின்று, "இன்னிக்கு எப்படி இருக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். ஜெபக்கூடத்துப் பாடகர் குழுவிலிருந்து இரண்டு தடவை கோபித்துக்கொண்டு வெளியேறியவள். இரண்டு தடவையும் அவர்களே வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார்கள், அந்தக் குரல் வேறு யாருக்கும் இல்லை என்பதால். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், மூச்சு அடைத்தால், முதலில் வந்து நிற்கிற ஆளும் அவள்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஆம்புலன்ஸ் துறை ஊர் ஊராகத் தொண்டர்களைத் தேடியது. கடைக்கு வெளியே ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு மெய்னிர் பெயர் கொடுத்தாள். ஆறு வாரம், சனி ஞாயிறுகளில் பயிற்சி. பிறகு ஒரு பச்சைப் பையைக் கொடுத்தார்கள். அதில் ஆக்சிஜன், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற மெஷின், கையுறை, கத்தரிக்கோல். கூடவே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி. அழைப்பு வந்தால் அது அலறும். அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'கிளம்பிவிட்டேன்', இன்னொன்று 'வந்துவிட்டேன்'.

சம்பளம் கிடையாது. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வளைவும், எந்தப் பண்ணையின் வாயிற்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆறு நிமிடம், ஏழு நிமிடம், அதற்குள் போய் நின்றுவிடுவாள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் நிற்கும் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு பெரிஸ் வந்துவிடுவான். மருத்துவ உதவியாளன், நல்ல வேலைக்காரன். "எனக்கு ஏதாவது மிச்சம் வெச்சிருக்கியா, இல்ல நீயே எல்லாத்தையும் முடிச்சுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே படுக்கையை இறக்குவான். அப்படித்தான் ஒன்பது வருடம் ஓடியது.

ஊர் ஆம்புலன்ஸைக் கடலோரத்துக்கு மாற்றப் போவதைச் சொல்ல ஒரு செப்டம்பர் மாலை சந்தைக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கடலோரத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆல்வின் க்ராடக் என்ற அதிகாரி வந்திருந்தார். பணிவாகப் பேசுகிற மனிதர். கேட்கிறவர்களுக்கு அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது. சுவரில் ஒரு படம் காட்டினார். நீலக் கட்டங்கள், அதில் உயரமான கட்டம் ரித்வென்.

"இந்த வட்டாரத்துலயே உங்க ஊருதான் முதல் இடம்," என்றார். "உயிருக்கு ஆபத்துன்னு வர்ற நூறு அழைப்புல தொண்ணூத்தியொண்ணுக்கு எட்டு நிமிஷத்துக்குள்ள உதவி வந்துடுது. நீங்க பெருமைப்படணும்."

"பெருமைப்பட்டா வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எழுந்த சிரிப்பில் நட்பு இல்லை.

"கடலோரத்துல வெறும் ஐம்பத்தெட்டு. அங்க தேவை அதிகம். இங்க ஒரு வண்டி தனியா நிக்கறது, எப்படிச் சொல்ல, உபரி."

மெய்னிர் எழுந்தாள். "எட்டு நிமிஷத்துக்குள்ள வந்தது யாரு?"

"உதவி."

"உதவிக்கு மூக்கு முழி ஒண்ணும் கிடையாதா? ஆள் யாருன்னு கேக்கறேன்."

"பயிற்சி எடுத்த ஒருத்தர் அந்த மெஷினோட வந்து நின்னா கடிகாரம் நின்னுடும். அதுதான் விதி."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எங்க எழுதியிருக்கு?"

க்ராடக் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெற்றாக இருந்தது. "அது இந்த அட்டவணையில வராதும்மா."

கூடத்தில் தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. மேட்டுப் பண்ணை டிடிரின் அண்ணன் ஹெவின், பேசுவதற்கு யோசிக்கிற பழக்கமே இல்லாதவன், உரக்கச் சொன்னான்: "அப்ப நீதான் அந்தத் தொண்ணூத்தியொண்ணு! நீ ஓடி ஓடியே எங்க வண்டியைத் துரத்திட்ட."

மெய்னிர் ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்ததை ஊர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தது.

நவம்பரில் வண்டி போனது. பெரிஸையும் கடலோரத்துக்கு மாற்றினார்கள்.

பத்து நாள் கழித்துக் கருவி அலறியது. தபால் கொண்டுவருகிற ஓல்வென், நாற்பத்தாறு வயது, ஒரு வீட்டுத் தோட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுந்து கிடந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துவண்டு கிடந்தது. மெய்னிர் ஏழாவது நிமிடத்தில் போய்ச் சேர்ந்து, வழக்கம்போல இரண்டாவது பொத்தானை அழுத்தினாள். பக்கவாதம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதற்கு அவள் பையில் மருந்து கிடையாது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி நாற்பது மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் இருந்தது. நேரம் போகப் போக அதற்குப் பலன் குறையும், பிறகு போடவே முடியாது.

ஓல்வெனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மெய்னிர் அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். அரை மணி. முக்கால் மணி. வீட்டுக்காரி மறுபடி மறுபடி போன் செய்தாள். "வண்டி வந்துக்கிட்டிருக்கு" என்றார்கள். ஓல்வெனின் கண்கள் அவளைவிட்டு அகலவேயில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து வண்டி வந்தது. ஊசிக்கான நேரம் ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துபோனது. ஓல்வெனுக்குப் பேச்சும் வலது கையும் திரும்பி வரவில்லை.

மெய்னிர் அந்த அழைப்பின் பதிவைக் கேட்டு எழுதினாள். மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. அதில் ஒரே ஒரு வரி: உதவி சென்றடைந்த நேரம் ஏழு நிமிடம், இலக்கு நிறைவேறியது.

அந்த 'நிறைவேறியது' என்ற சொல்லைப் படித்தபோது அவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பை சுவரில் போய் மோதியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிஸ் தன் சாமான்களை எடுக்க ஊருக்கு வந்திருந்தான். மெய்னிர் தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"இதை நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத. நீ அந்தப் பட்டனை அழுத்தறவரைக்கும் அவங்க திரையில அந்த அழைப்பு சிவப்பா இருக்கும். அழுத்தினதும் பச்சை. அதுக்கப்புறம் வேற எங்கயாவது ஒண்ணு சிவப்பா வந்துச்சுன்னா, பச்சைக்கு வந்துக்கிட்டிருக்கற வண்டியைத் திருப்பி அங்க அனுப்பிடுவாங்க. ஓல்வெனுக்குக் கிளம்பின வண்டி ரெண்டு தடவை திரும்பிப் போயிருக்கு."

"நான் போனதால?"

"நீ போனதால இல்ல. நீ போயிட்டன்னு அவங்களுக்குத் தெரிஞ்சதால."

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் கணவன் இட்வால், பால் லாரி ஓட்டுகிறவன், ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம், நிறையவே பேசினான்.

"பையைத் திருப்பிக் கொடுத்துடு. அவங்க மூஞ்சியில விட்டெறி."

"கொடுத்துட்டா நாளைக்கு எவனாவது மூச்சு நின்னு கிடப்பான். யாரு போறது, நீயா? பால் லாரியில?"

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"போவேன். ஆனா போனேன்னு சொல்ல மாட்டேன்."

இட்வால் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மாட்டினா?"

"மாட்டட்டும். பொய் எழுதறது நானா அவங்களான்னு அன்னிக்குப் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து அவள் முதல் பொத்தானை மட்டும் அழுத்தினாள். கடைக்கணக்கு எழுதுகிற நீளமான நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடப்பக்கம் தான் போய்ச் சேர்ந்த நேரம், வலப்பக்கம் வண்டி வந்த நேரம். எதையும் தனக்குச் சாதகமாக எழுதவில்லை. ஒருமுறை வழியில் ஆட்டு மந்தை மறித்துப் பதினாலு நிமிடம் ஆனதையும் அப்படியே எழுதினாள். பிப்ரவரி முடிவதற்குள், மூன்று மாதக் கணக்கில், ரித்வெனின் தொண்ணூற்றொன்று முப்பத்து நாலாகியிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது.

"உங்க கருவியில ஏதாவது கோளாறா?"

"கோளாறு கருவியில இல்ல," என்று வைத்துவிட்டாள்.

மார்ச் இரண்டாவது வாரம், ஆடுகள் குட்டி போடும் காலம். காலை பத்தே முக்காலுக்குக் கருவி அலறியது. மேட்டுப் பண்ணை. டிடிர் குட்டிக் கொட்டகையில் வைக்கோல்மேல் மல்லாந்து கிடந்தான். அவன் மனைவி நெஸ்டா, போனில் சொன்னபடி அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். மெய்னிர் ஒன்பதாவது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். மெஷினை ஒட்டினாள். ஒரு அதிர்ச்சி, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு மெஷினின் குரல், அமுக்கிக்கொண்டே இருங்கள் என்று மட்டும்தான் சொன்னது.

இரண்டு பெண்களும் மாறி மாறி அமுக்கினார்கள். ஒருத்தி அமுக்க மற்றவள் எண்ணினாள். சுற்றிலும் ஆடுகள் கத்தின. ஒரு ஆடு அந்த நேரத்தில் குட்டி போட்டு அதை நக்கிக்கொண்டிருந்தது. நெஸ்டாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. "வண்டி எங்க? வண்டி எங்க, மெய்னிர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வரும். எண்ணு. இருபத்தியொண்ணு, இருபத்திரெண்டு."

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் வண்டி வந்தது. வந்தவர்கள் கால் மணி நேரம் முயன்றுவிட்டு எழுந்து நின்றார்கள். கையுறையைக் கழற்றினார்கள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஹெவின் தம்பியின் அழைப்புப் பதிவைக் கேட்டு வாங்கினான். அதில், முதல் உதவி சென்றடைந்த நேரம் ஐம்பத்தெட்டு நிமிடம் என்று இருந்தது. வாரப் பத்திரிகை அதைப் பெரிய எழுத்தில் போட்டது. தீவனக் கடை நிறைய ஆள் இருந்தபோது ஹெவின் அந்தப் பத்திரிகையை மேசைமேல் அடித்தான்.

"எங்கடி போயிருந்த நீ?"

"அங்கதான் இருந்தேன். ஒன்பதாவது நிமிஷத்துலேருந்து."

"இதுல இல்லையே!"

"நான் பட்டனை அழுத்தலை."

அதைச் சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் அழுத்தவில்லை என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். சிவப்பு, பச்சை, அட்டவணை என்று சொல்லச் சொல்ல அந்தச் சொற்கள் அவளுக்கே அற்பமாகக் கேட்டன. ஹெவின் முழுவதும் கேட்கவில்லை. மேசையோரம் இருந்த தராசைக் கீழே தள்ளிவிட்டு வெளியேறினான்.

மறுநாள் மெய்னிர் மேட்டுப் பண்ணைக்குப் போனாள். நெஸ்டா கதவைப் பாதிதான் திறந்தாள். மணிக்கட்டில் இன்னும் கட்டு இருந்தது.

"நீ வந்தது எனக்குத் தெரியும்," என்றாள் நெஸ்டா. "எவன் என்ன எழுதினாலும், எனக்குத் தெரியும். அதுக்காக வந்திருந்தா, வேண்டாம், போ."

"அதை அழுத்தியிருந்தா வண்டி இன்னும் லேட்டாத்தான் வந்திருக்கும், நெஸ்டா."

"இருக்கலாம். நான் அதைக் கேக்கலை. நீ உள்ள வரும்போதே, அழுத்தக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானே வந்த? அவன் கீழ கிடந்தான். நீ அவனைப் பாத்தியா, உன் நோட்டைப் பாத்தியா? அவங்க அவனை ஒரு நம்பரா ஆக்குவாங்க, எனக்குத் தெரியும். நீயும் ஆக்கிட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

ஊரில் யாருக்கும் பயப்படாத மெய்னிர், அந்தப் பாதித் திறந்த கதவின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கதவு சாத்தப்பட்டது.

ஏப்ரலில் கடலோர அலுவலகத்தில் விசாரணை. நீண்ட மேசையின் அந்தப் பக்கம் க்ராடக், கூட இரண்டு பேர். ஆவணத்தில் வேண்டுமென்றே தவறு செய்தது, துறையின் பெயருக்குக் களங்கம் உண்டாக்கியது என்று குற்றச்சாட்டை வாசித்தார்கள்.

மெய்னிர் நோட்டை மேசையில் வைத்துத் தள்ளினாள். "நாப்பத்தி மூணு அழைப்பு. ரெண்டு நேரமும் இருக்கு. எது வேணும்னாலும் சரிபாத்துக்குங்க. நான் போனது சராசரியா எட்டு நிமிஷம். வண்டி வந்தது சராசரியா ஒரு மணி பதினோரு நிமிஷம்."

க்ராடக் பக்கங்களைப் புரட்டினார். ஆட்டு மந்தை மறித்த நாளில் அவர் விரல் நின்றது. "இது அங்கீகாரம் இல்லாத பதிவு."

"உங்களுது அங்கீகாரம் உள்ள பொய்."

"பொய் இல்ல. முதல் உதவி வந்தடைஞ்ச நேரம். அதுதான் வரையறை."

"ஓல்வென்கிட்ட போய்ச் சொல்லுங்க அந்த வரையறையை. அவளால திருப்பித் திட்ட முடியாது, உங்களுக்கு வசதி."

பக்கத்தில் இருந்த பெண் அதிகாரி இருமினாள். க்ராடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல்முறையாகக் குரலில் அந்தப் பணிவு இல்லாமல் பேசினார். "எனக்கு மேல இருக்கறவங்க மாசா மாசம் ஒரு நம்பர் கேக்கறாங்க. ஒரே ஒரு நம்பர். அந்தப் படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. உங்க ரெண்டாவது நம்பரை நான் எங்க எழுதறது? அதைக் கொண்டுபோய் யார்கிட்ட கொடுக்கறது?"

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க," என்றாள் மெய்னிர். "உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சு இத்தனை நாள் கொஞ்சம் குறைச்சுத் திட்டிட்டேன்."

பச்சைப் பையும் கருவியும் அன்றைக்கே பறிபோயின. பயிற்சிச் சான்றிதழை ரத்து செய்து கடிதம் வந்தது. ரித்வெனில் பாதிப் பேர் அவளைக் கொலைகாரி என்றார்கள். பாதிப் பேர் சும்மா இருந்தார்கள். இந்தச் சும்மா இருந்தவர்கள்மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம். பாடகர் குழு இந்த முறை அவளாகப் போவதற்கு முன்பே அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தியது.

கோடையில் டிடிரின் மரண விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல நெஸ்டாவைக் கூப்பிட்டார்கள். மெய்னிர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஹெவின் முன்வரிசையில். துறையின் வழக்கறிஞர் எழுந்து, முதல் உதவி ஐம்பத்தெட்டு நிமிடம் தாமதமானதற்குத் தொண்டர் ஒருவரின் தவறான நடத்தையே காரணம் என்றார்.

நெஸ்டா அவரை முடிக்க விடவில்லை. "ஐயா, ரெண்டும் வேற வேற. மெய்னிர் ஒன்பதாவது நிமிஷத்துல வந்தா. என் புருஷன் நெஞ்சை நாப்பத்தொன்பது நிமிஷம் நானும் அவளும்தான் அமுக்கினோம். வண்டி ஐம்பத்தெட்டுல வந்தது. ஒண்ணை எழுதி இன்னொண்ணை மறைக்காதீங்க. அவ மறைச்சதும் எனக்குப் பிடிக்கலை, நீங்க மறைக்கறதும் பிடிக்கலை. ரெண்டையும் எழுதுங்க."

விசாரணை அதிகாரி, காது சற்று மந்தமான வயதான மனிதர், அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். நெஸ்டா இன்னும் உரக்கச் சொன்னாள். ஹெவின் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து போனான். அதிகாரி மெய்னிரின் நோட்டையும் வரவழைத்து, துறையின் வண்டிப் பதிவுகளோடு ஒப்பிடச் சொன்னார். நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று நிமிட சுத்தமாகப் பொருந்தியது. மற்ற இரண்டில் அவள்தான் வண்டிக்குச் சாதகமாக ஓரிரு நிமிடம் குறைத்து எழுதியிருந்தாள். தொண்டர் வந்த நேரமும் வண்டி வந்த நேரமும் தனித்தனியாக வெளியிடப்பட வேண்டும் என்றும், தொண்டர் வந்துவிட்டார் என்பதற்காக வண்டியைத் திருப்பக் கூடாது என்றும் அவர் துறைக்கு எழுதி அனுப்பினார். டிடிர் பிழைத்திருப்பானா என்பதைத் தன்னால் சொல்ல இயலாது என்றும் எழுதினார்.

அடுத்த வருடம் வந்த அட்டவணையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. வண்டி வந்த நேரத்தைக் காட்டுகிற இரண்டாவது கட்டத்தில், வட்டாரத்தின் பதினேழு ஊர்களில் ரித்வென் பதினேழாவது. அது வெளியான நான்காவது மாதம் ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். பகல் நேரத்துக்கு மட்டும், வாரத்தில் ஐந்து நாள். க்ராடக் பதவி உயர்வு பெற்றுத் தலைநகருக்குப் போனார்.

புதிய தொண்டர்கள் வேண்டும் என்று மறுபடி தாள் ஒட்டினார்கள். மெய்னிர் விண்ணப்பித்தாள். பழைய குற்றச்சாட்டு பதிவில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவள் மேல்முறையீடு செய்தாள். மறுபடி மறுத்தார்கள். இப்போது மூன்றாவது முறை எழுதிப் போட்டிருக்கிறாள். கடிதத்தைப் படித்துப் பார்த்த இட்வால், நாலு இடத்தில் கெட்ட வார்த்தைகளை அடித்துவிட்டுத்தான் அனுப்ப விட்டான்.

நெஸ்டா தீவனத்தைப் பன்னிரண்டு மைல் தள்ளி அடுத்த ஊரில் வாங்குகிறாள். போன மாதம் ரித்வென் தபால் நிலையத்தில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். மெய்னிர் ஒதுங்கி வழிவிட்டாள். நெஸ்டா தலையைக்கூட அசைக்காமல் கடந்து போனாள்.